ஆமென் சொல்லுமுன்

அவள் ரவிக்கை நனைந்திருக்கிறது. தண்ணீராகத்தான் இருக்கும். விடிந்ததிலிருந்து அந்தப் பெரிய அலுமினியக் குண்டானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், கழுவும்போது தெறித்திருக்கும். தெறித்தால் வயிற்றில் தெறிக்கும், முழங்கையில் தெறிக்கும், தாறுமாறாகத் தெறிக்கும். இப்படியா, நெஞ்சில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று, கல்லில் ஊற்றிய தோசை மாவு மாதிரி வட்டமாக, நான் பார்க்கப் பார்க்க அகலமாகிக்கொண்டே? ஆண்டவரே, அது தண்ணீராக இருக்கட்டும். நான் கண்ணைத் திறந்திருக்கவே கூடாது. ஆனால் என்ன செய்ய, ஆசேர் பிறந்ததிலிருந்து எனக்கு ஒற்றைக்கண் ஜெபம்தான். பிள்ளைக்காரிகள் எல்லாருக்கும் அப்படித்தான். ஊர்க்கோவிலில் பாயில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கண்ணை மூடி ஆண்டவரைப் பார்ப்போம், இன்னொரு கண்ணால் பிள்ளை யார் செருப்பை வாயில் வைத்திருக்கிறது என்று பார்ப்போம். இங்கேயும் அந்தப் பழக்கம் போகவில்லை. மலாவி என்கிற இந்தத் தேசத்தில், எங்கள் சபை தாங்கி நடத்துகிற அனாதைப் பிள்ளைகள் இல்லத்தில், தகரக்கூரை போட்ட ஜெபக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வழியனுப்பு ஜெபம். மடியில் சிக்கொண்டி. இரண்டு வயதுகூட நிறைந்திருக்காது. ஜெபம் முடிந்ததும் வெளியே நிற்கிற வேனில் ஏற்றி இவளையும் இன்னும் சில பிள்ளைகளையும் பட்டணத்துப் பெரிய இல்லத்துக்குக் கொண்டுபோகப் போகிறோம். வேன் டிரைவருக்கு என்ன அவசரமோ, ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினான். பிள்ளை திடுக்கிட்டு வீலென்று ஒரு கத்து. ஒரே ஒரு கத்துதான், நான் அணைத்துக்கொண்டதும் அடங்கிவிட்டாள். அந்தக் கத்துக்குத்தான் கண்ணைத் திறந்தேன். எதிரே பின்வாசல் நிலையோரம் எஸ்னாத் நின்றாள், இங்கே சமைக்கிறவள். கண்ணை மூடி, கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு, எல்லாரையும்போல ஜெபத்தில்தான் நின்றாள். அவளுடைய வெளுத்துப்போன நீல ரவிக்கை நனைந்திருந்தது. நனைந்துகொண்டிருந்தது.

ஐயா பார்த்திருந்தால் வேர்வை என்று நினைத்திருப்பார். எங்கள் போதகர் ஞானதிரவியம் ஐயாவுக்கு வேதம் முழுக்கத் தெரியும், இது தெரியாது. டிரைவர் பார்த்திருந்தால் ஒன்றுமே நினைத்திருக்கமாட்டான். எனக்குத் தெரியும். தெரிந்து தொலைக்கிறதே. ஆசேர் கைக்குழந்தையாக இருந்தபோது மதினி வீட்டுக் கல்யாணத்தில் புதுப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருந்தேன், மண்டபத்தின் அடுத்த மூலையில் அவன் அழுதான், அப்பளம் கையில் இருக்க எனக்கு முன்பக்கம் எல்லாம் பாலில் நனைந்து போயிற்று. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஓடினேன். என் வீட்டுக்காரர் சாம்ராஜ், "சாம்பார் கொட்டிட்டியா?" என்றார். ஆம்பளைகளுக்கு எல்லாம் சாம்பார்தான். அழுகைதான் சாவி, பிள்ளையின் அழுகை கேட்டதும் உடம்பு தானாகத் திறந்துகொள்ளும், நாம் திறக்கிறது இல்லை, நாம் பூட்டவும் முடியாது. ஆனால் ஊரார் பிள்ளை அழுதாலும் அப்படி ஆகிறது உண்டு. உண்டு, உண்டு, பேருந்தில் யார் பிள்ளையோ அழுததற்கு எனக்கே ஆகியிருக்கிறது. அப்படித்தான் இதுவும். எஸ்னாத்துக்கு வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கும், அந்த நினைப்பில். அப்படியே வைத்துக்கொள்வோம், பெனிலா, கண்ணை மூடு, ஜெபத்தில் கவனத்தை வை. இவளுக்கு வீடு இல்லையே. அடுப்படிக்குப் பின்னால் விறகுக் கொட்டகையை ஒட்டின அறையில்தானே படுக்கிறாள். அங்கே நான் போயிருக்கிறேன், கடுகு டப்பாவைத் தேடிக்கொண்டு. ஒரு பாய், ஒரு வாளி, ஆணியில் ஒரு துணி. கைக்குழந்தை இல்லை.

எனக்கும் உள்ளே சுருக்கென்றது இப்போது. பழைய வலி. ஒன்றும் வரவில்லை, வரவும் வராது, வேப்பிலையை அரைத்துத் தடவியாயிற்று. ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும் என்றால் பால் மறக்கடிக்கத்தானே வேண்டும். பிள்ளைகளோடு புழங்கத் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்று ஐயா சபையில் கேட்டபோது எல்லாரும் என்னைக் காட்டினார்கள். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தினவள், ஆனால் ஓய்வுநாள் பள்ளிக்கூடத்தில் எத்தனை வாண்டுகளைக் கொடுத்தாலும் பாட்டுப்பாடி மேய்த்துவிடுவேன். அத்தை பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்கள், சாம்ராஜ் போயிட்டு வா என்றார், எனக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி, பிறகு நிஜமாகவே பறந்தேன். ஆசேர் முதல்நாள் கசப்பு பட்டதும் முகத்தைச் சுளித்து என்னையே பார்த்தான். அழவில்லை. துப்பிவிட்டு, இது உனக்குத் தெரியுமா என்று கேட்கிற மாதிரி பார்த்தான். சரி அது எதற்கு இப்போது. ஏர்போர்ட்டில் என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஃப்ளோரா அக்கா சொன்னாள், "ஏட்டி, முறுக்கு டப்பாவையா ஊழியத்துக்கு அனுப்புத?" அக்கா ரிட்டயர்டு டீச்சர், இங்கே ஏற்கெனவே வந்துபோனவள், விஷயம் தெரிந்தவள். முறுக்கு இங்கே ஓடின ஓட்டத்தைப் பார்த்தபிறகு பேசவில்லை. சிரிப்பாகத்தான் இருந்தது எல்லாம். பிள்ளைகள் எனக்கு அவர்கள் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள், நான் தப்பும் தவறுமாகப் பாட, உருண்டு உருண்டு சிரித்தார்கள். எஸ்னாத்தும் சிரித்தாள். மக்காச்சோள மாவில் களி கிண்டுகிறாள், சீமா என்று பேர், துடுப்பு என் உயரம் இருக்கும். நம்ம ஊர்க் களிதானே என்று வாங்கிக் கிண்டினேன், துடுப்பு களியோடு நட்டுக்கொண்டது, நான்தான் சுற்றினேன். எஸ்னாத் வந்து என் கையைப் பிடித்து, தசையை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்து, கோழிக்கடைக்காரன் ஒல்லிக்கோழியைத் திருப்பி வைக்கிற மாதிரி விட்டுவிட்டாள். என்ன சிரிப்பு. ஒரு வார்த்தை புரியாமலே நாங்கள் சிநேகிதமாகிவிட்டோம் என்று வீட்டுக்குப் போனில் சொன்னேன். சிநேகிதம். இவளைப்பற்றி எனக்கு என்ன தெரியும்?

வாசம். ஐயோ, அந்த வாசம். இங்கே பிள்ளைகளுக்குப் பால் கிடையாது. காலையில் கஞ்சி, மத்தியானம் சீமாவும் கீரையும், பவுடர் பால்கூட எப்போதாவதுதான். ஆனால் காலையில் முதல்முதலாகச் சிக்கொண்டியைத் தூக்கி முத்தம் கொடுக்கும்போதெல்லாம் வாயோரத்தில் பால் வாசம் அடிக்கும். மாட்டுப்பால் வாசம் இல்லை. அந்த லேசான இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, கழுத்து மடிப்பில் தங்குகிற வாசம். நான் என்ன நினைத்தேன்? ஆசேர் நினைப்பில் என் மூக்கு பொய் சொல்கிறது என்று நினைத்தேன். பிள்ளையை விட்டுவிட்டு வந்தவளுக்கு எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் மணக்கும் போல என்று நினைத்து, துணி உலர்த்துகிற சாக்கில் போய் அழுதுவிட்டு வந்தேன். மூக்கு பொய் சொல்லவில்லை. யார் கண்ணிலும் படாமல், விறகுக் கொட்டகைக்குப் பின்னால், விடியுமுன் இவளைக் கொண்டுபோய். மற்றப் பிள்ளைகள் எழுந்திருக்குமுன் கொண்டுவந்து பாயில் போட்டுவிட்டு. ஒவ்வொரு நாளுமா? நான் பக்கத்து அறையில் கொசுவலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தேனே. இன்னொன்று. எஸ்னாத் எல்லாப் பிள்ளைகளின் தலையிலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தட்டை நீட்டுவாள். மூக்கு ஒழுகுகிறதைப் பாவாடையால் துடைப்பாள், சண்டை போடுகிறவனைக் காதைப் பிடித்துத் திருகுவாள், அழுகிறதை முதுகில் கட்டிக்கொண்டு துடுப்பு போடுவாள். இவளை மட்டும் தொட மாட்டாள். தட்டை வைத்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவாள். அடடா, பாவம், தாயில்லாத இந்தப் பிள்ளையை இந்தப் பொம்பளை ஒரு பார்வைகூடப் பார்க்கிறதில்லையே, கல்நெஞ்சுக்காரி என்று ஃப்ளோரா அக்காவிடம் நானே சொன்னேன். அக்கா பேன் சீப்பைத் தேடினாள். போன ஞாயிறு, உறவுக்காரர்கள் பார்க்க வருகிற நாள், வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிறையப் பிள்ளைகளுக்குச் சித்தியோ மாமனோ யாராவது வேர்க்கடலையும் வாழைப்பழமும் கொண்டு வந்தார்கள். யாருமே வராத பிள்ளைகள் யார் யார் என்று பார்த்துச் சொல்லும்மா, அவர்களைத்தான் பட்டணத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று ஐயா சொல்லியிருந்தார். சிக்கொண்டிக்கு யாரும் வரவில்லை. இவளுக்கு யாருமே இல்லை ஐயா என்று நான்தான் சொன்னேன். வெளியே இருந்து வருகிறவர்களைத்தானே பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் அடுப்படியில் புகைந்துகொண்டிருந்தது.

"தாயுமில்லாமல் தகப்பனுமில்லாமல் தவிக்கிற இந்தச் சிறுமியை எங்கள் கைகளில் தந்தீரே, ஆண்டவரே," என்கிறார் ஐயா. ஐயா ஜெபம் ஆரம்பித்தால் ஊரில் இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிட்டு வரலாம், இங்கேயோ ஒரு வரியைத் தமிழில் சொல்லி, அதையே இங்கிலீஷில் சொல்லி, அதை இல்லத்து நிர்வாகி மிஸ்டர் முவாலே அவர்கள் பாஷையில் சொல்லி, மூன்று ஈடு வெந்துவிடும். முதல்நாள் சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன். இப்போது அந்த வரி ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்கு நடந்து நடந்து பின்வாசலுக்குப் போகிறதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தமிழில் சொன்னபோது எஸ்னாத் அசையவில்லை. இங்கிலீஷில் சொன்னபோதும் அசையவில்லை. முவாலே கையை உயர்த்தி, நல்ல குரல் அவருக்கு, சொல்லி முடித்தார். தாய் இல்லாத பிள்ளை என்று அவளுடைய சொந்தப் பாஷையில் அவள் காதில் விழுந்தது. எல்லாரும் ஆமென் என்றார்கள். எஸ்னாத்தும் சொன்னாள். உதடு அசைந்ததைப் பார்த்தேன். ஆமென் என்று சொன்னாள். ஆண்டவரே, அவள் ஆமென் என்று சொன்னாள். கோத்திருந்த கைகள் கொஞ்சம் மேலே ஏறி ரவிக்கையின் ஈரத்தை மறைத்துக்கொண்டன. கண்ணை மூடினபடியே.

"அக்கா," என்றேன். பக்கத்தில் ஃப்ளோரா அக்கா முக்காட்டுக்குள் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். "உஷ். கண்ண மூடு." "அக்கா, பின்வாசல்ல பாருங்க." "ஜெபத்துல என்னட்டி வேடிக்க?" "இது எஸ்னாத் பிள்ளை அக்கா." அக்கா ஐயோ என்று சொல்வாள் என்று நினைத்தேன். என்னட்டி உளறுத என்பாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து பார்ப்பாள் என்றாவது நினைத்தேன். அவள் கண்ணையே திறக்கவில்லை. "மெதுவாப் பேசு," என்றாள். "ஒங்களுக்குத் தெரியுமா?" "போன தடவையே தெரியும். கைக்குழந்தையாத் தூக்கிட்டு வந்து, யார் பிள்ளையோ, பெத்தவ செத்துப் போயிட்டான்னு சொல்லி விட்டா. மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா? முவாலேயும் தெரிஞ்சுதான் உள்ள விட்டார். மழ பெய்யாத வருஷம்ட்டி அது." "அம்மா உண்டுன்னே சொல்லியிருக்கலாமே அக்கா." "சொன்னா உள்ள விட முடியாது. கமிட்டித் தீர்மானம் அப்படி. தாயோ தகப்பனோ இருந்தா இங்க சோறு கிடையாது." "எந்தக் கமிட்டி?" அக்கா அப்போதுதான் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "எந்தக் கமிட்டியா? நம்ம சபைக் கமிட்டிதான். ஒன் மாமனார்கூட அதுல இருந்தாவளே." திரும்ப மூடிக்கொண்டாள். "பட்டணத்துல பள்ளிக்கூடம் இருக்கு, டாக்டர் இருக்கு. அவளே வாய மூடிட்டு நிக்கா. நீ தொறந்து கெடுத்துராத."

எனக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டு முன்னறையில்தான் அந்தக் கூட்டம் நடந்தது. நான் உளுந்தவடை சுட்டேன், தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது மாமா சொல்லிக்கொண்டிருந்தார், ஆதரவு உள்ள பிள்ளைகளுக்குச் செலவழித்தால் ஆதரவில்லாத பிள்ளைகளை யார் பார்ப்பது, கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று. எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. ஐயா, இன்னொரு வடை வச்சுக்கோங்க என்று வைத்துவிட்டு வந்தேன். ஆசேர் வயிற்றில் இருந்தான், எண்ணெய் வாடை குமட்டியது, அதைத் தவிர ஒரு கவலை இல்லை. அந்த வடை கடலைத் தாண்டி வந்து இங்கே ஒருத்தியைச் செத்துப்போக வைத்திருக்கிறது. அவள் செத்துப்போய்த்தான் பிள்ளைக்குக் கஞ்சி கிடைத்தது. செத்துப்போனவள் தினமும் காலையில் எழுந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, அதே பிள்ளைக்குக் கஞ்சித் தட்டை நீட்டி, தொடாமல் நகர்ந்து. தொட்டால் தெரிந்துவிடும். பிள்ளை முகத்தைத் தேய்த்துக்கொண்டு மார்பைத் தேடிவிடும், அதனால்தான் தொடவில்லை. கல்நெஞ்சு என்றேனே. என்னிடம் யாராவது வந்து, பெனிலா, நீ செத்துவிட்டாய் என்று சொன்னால் ஆசேருக்குச் சோறு என்றால் சொல்லியிருக்கமாட்டேனா? சொல்லியிருப்பேன். ஆனால் அதற்குமேல் இவ்வளவு நாள் சமைத்திருக்க முடியுமா? சாம்ராஜ் நேற்று போனில், "அவன் நல்லா இருக்கான், உன்னத் தேடவே இல்ல," என்றார், நல்ல செய்தி என்று நினைத்துச் சொன்னார். பட்டணம் இங்கிருந்து ஒருநாள் முழுக்க மண்ரோட்டில் போகவேண்டும். அங்கே விறகுக் கொட்டகை இல்லை. சில மாதங்களில் இவளும் தேட மாட்டாள்.

ஆனால் அக்கா சொல்கிறதும் சரிதானோ? எழுந்து நின்று, ஐயா, ஜெபத்தை நிறுத்துங்க, இவள் தாய் உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னால் என்ன ஆகும்? மூன்று பாஷையில் அது எல்லார் காதிலும் விழும். தீர்மானப்படி பிள்ளை இங்கேயே இருக்க முடியாது. பொய் சொன்னவள் என்று எஸ்னாத்துக்கு அடுப்படியும் இருக்காது. இரண்டு பேரும் வாசலுக்கு வெளியே. சொல்லாவிட்டால் பிள்ளை வேனில். சொன்னால் கஞ்சி போச்சு, சொல்லாவிட்டால் தாய் போச்சு. என்ன கணக்கு இது, யார் போட்ட கணக்கு, நம் வீட்டு முன்னறையில் போட்டது. இதில் ஒன்று குத்துகிறது. முதல்நாள். நாங்கள் வந்து இறங்கி, மாலை போட்டு, பாட்டுப் பாடி முடிந்து, நான் மரத்தடியில் செருப்பைக் கழற்றி உட்கார்ந்தேன். இவள் தானாக வந்து என் மடியில் ஏறினாள் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பார்த்தீங்களா, எத்தனை பேர் இருக்கும்போது என்கிட்ட வந்துட்டா என்று பெருமையாக. தானாக வந்தாளா? அந்த வயதுப் பிள்ளை புதுமுகத்தைப் பார்த்தால் ஓடும், ஆசேர் தபால்காரரைப் பார்த்தே ஓடுவான். யாரோ கொண்டுவந்து என் கால்பக்கம் இறக்கிவிட்டுப் போனார்கள். நீலமாக ஒன்று விலகிப் போனது. அதே நீல ரவிக்கை. அத்தனை பேரில் என் காலடியில். கைக்குழந்தைக்காரி என்று என் உடம்பைப் பார்த்தே கண்டுகொண்டாளோ, நான் அவளைப் பார்த்துக் கண்டுகொண்டதுபோல. இந்த ஷாலில் இவளை என் முதுகில் கட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். இந்த ஊர்ப் பெண்கள் இடுப்பை வளைத்துக் குனிவார்கள், முதுகு பலகை மாதிரி ஆகிவிடும், பிள்ளையை அதில் கிடத்தி, துணியைச் சுற்றி, ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுநுனியை இழுத்து மார்பின்மேல் முடிச்சு. நான் குனிந்தேன், பிள்ளை வழுக்கினாள், எல்லாரும் சிரித்தார்கள், எஸ்னாத் துடுப்பைப் போட்டுவிட்டு வந்து பின்னால் நின்று துணியைச் சரிசெய்தாள். நான் பார்க்க அன்று மட்டும்தான் இவளைத் தொட்டாள். முடிச்சு இறுகினபிறகும் அந்தக் கை பிள்ளை முதுகின்மேலேயே இருந்தது. துணி வழியாக அந்தச் சூடு என் முதுகுக்கு வந்தது. முடிச்சைச் சரிபார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அப்படியானால் அவளே அனுப்புகிறாளா? என்னைப் பார்த்து, இவளிடம் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று தீர்மானித்து? அல்லது மடியில் வைத்தால் போதும், கொஞ்சநாள் யாராவது கொஞ்சட்டும் என்று மட்டும் நினைத்தாளா, நான்தான் ஐயாவிடம் ஓடிப்போய்ப் பேரைச் சொல்லிவிட்டேனா? எது? அக்காவுக்கு எல்லாம் தெரியும், இது தெரியாது. முவாலேக்கும் தெரியாது. யாருமே அவளைக் கேட்கவில்லையே. இல்லாதவளை எப்படிக் கேட்பது? நான் கேட்கலாம். என் வாய்க்கு அந்தப் பாஷை வராது. முவாலேயைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னால் கேட்பதற்கு முன்னாலேயே பதில் கெட்டுவிடும். ஐயா இப்போது வேனுக்காக ஜெபிக்கிறார், டயருக்காக, வழியில் ஆறு குறுக்கிடுகிறதற்காக. அதன்பிறகு டிரைவருக்காக. அதன்பிறகு முடித்துவிடுவார், எனக்குத் தெரியும், டிரைவர் வந்தால் முடிவு வந்துவிட்டது என்று அர்த்தம். பிள்ளை என் ஷால் நுனியைச் சப்பிக்கொண்டிருக்கிறாள். எல்லார் கண்ணும் மூடியிருக்கிறது. எல்லார் கண்ணும் மூடியிருக்கிற இந்தக் கொஞ்சநேரம்தான் இருக்கிறது. எழுந்திரு பெனிலா. யாரும் இல்லை என்று நீயே பேர் கொடுத்துவிட்டு, இப்போது உட்கார்ந்தே இருந்தால்.

எழுந்துவிட்டேன். அக்கா என் சுடிதார் நுனியைப் பிடித்தாள், இழுத்துக்கொண்டேன். சிமெண்டுத் தரை காலில் குளிர்கிறது. வரிசையாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைத் தாண்டிப் போகிறேன். எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறார்கள் என்று பார்த்தால், இல்லை, பிள்ளைகள் ஒன்றுகூட மூடவில்லை, அத்தனை கண்ணும் என்னோடு நகர்கிறது. ஒருவரும் சத்தம் போடவில்லை. இவர்களுக்கும் தெரியும். ஆண்டவரே, இந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பின்வாசலில் அவளுக்கு முன்னால் நிற்கிறேன். காலடி கேட்டுக் கண்ணைத் திறந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு என் பார்வை நிற்கிற இடத்தை, ரவிக்கையை. கைகளால் மூடப்போனவள் பாதியில் விட்டுவிட்டாள். பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினேன், பிரசாதம் மாதிரி இல்லை, பரிசு மாதிரி இல்லை, தண்ணீர்க்கரையில் குடத்தைக் கொஞ்சம் பிடி என்று நீட்டுகிற மாதிரி. வேண்டும் என்றால் வாங்கு. வேண்டாம் என்றால் தலையை ஆட்டு, நான் திரும்பிப் போய் வேனில் ஏறுகிறேன், அங்கே போகிற வரை என் மடியில் வைத்திருக்கிறேன். நீ சொல். எஸ்னாத் வாங்கவில்லை. கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. என் தோளுக்குமேல் வேனைப் பார்த்தாள். முவாலேயின் முதுகைப் பார்த்தாள். அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள், குண்டானில் மத்தியானச் சீமாவுக்குத் தண்ணீர் கொதிக்கிறது. என் கை வலிக்கிறது. பிள்ளை கனக்கிறாள். ஐயா டிரைவருக்காக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். சிக்கொண்டி வாசத்தைப் பிடித்துவிட்டாள், வாயைத் திறந்து, முகத்தை நீட்டி, காலை உதைக்கிறாள், இனிக் கத்துவாள். எஸ்னாத்தின் முகத்தில் ஒன்று உடைந்தது, அழுகை இல்லை, கோபம் மாதிரி ஒன்று, என்மேலேயா, யார்மேலேயா, தெரியவில்லை. அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். அவ்வளவுதான், வேண்டாம் என்கிறாள், போ என்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் குனிந்தாள். இடுப்பை வளைத்து, முழங்காலில் கையை ஊன்றி, முதுகைப் பலகை மாதிரி விரித்துக்கொண்டு குனிந்து நின்றாள். எனக்குப் புரிய ஒரு மூச்சு பிடித்தது. பிள்ளையைக் கிடத்தினேன். சிக்கொண்டி வழுக்கவில்லை, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு கன்னத்தை அந்த நீலத்தில் வைத்தாள், ரொம்பப் பழகின இடத்தில் வைக்கிறதுபோல. கட்டத் துணி? சுற்றும் முற்றும் பார்க்கிறேன், துணி இல்லை. என் தலையில்தான் ஷால் இருக்கிறது. ஜெபத்தில் முக்காடு இல்லாமல் நின்றால் அத்தை இரண்டுநாள் பேசமாட்டார்கள், கமிட்டி என்ன பேசுமோ. உருவிவிட்டேன். காதில் காற்று பட்டது. பிள்ளையின் மேலே விரித்து இரண்டு நுனியையும் அவள் அக்குளுக்குக் கீழே கொடுத்தேன், வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். இனி என்ன ஆகும் என்று தெரியாது. கஞ்சிக்கு என்ன செய்வது, எங்கே படுப்பார்கள், மாமாவிடம் யார் பேசுவது, நான்தான், வேறு யார், வடை சுடாமல் பேசவேண்டும். இப்போதைக்கு இங்கே நிற்கிறேன், இவள் பக்கத்தில், கேட்கிறவர்கள் என்னைக் கேட்கட்டும். ஷாலின் அடியில் பிள்ளையின் முதுகில் என் கை இருக்கிறது, முடிச்சு இறுகும்வரை வழுக்கிவிடக்கூடாது என்று. "ஆமென்," என்றார் ஐயா. முவாலே சொன்னார், எல்லாரும் சொன்னார்கள், ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து திரும்பினார்கள். எஸ்னாத் மட்டும் சொல்லவில்லை. அவள் பல்லில் என் ஷாலின் நுனி இருந்தது.